முகவாத மருத்துவ வரலாறு: வேறுபடுத்தி அறிதலின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்
முகநரம்பு செயலிழப்பதால் உண்டாகும் முகவாதம் பண்டைக்காலம் முதல் அறியப்பட்ட நோயாகும். இதற்கான மருத்துவம் வளர்ந்தமைக்குப் புதிய மருந்துகளைக் காட்டிலும் மூன்று வேறுபாடுகள் தெளிவடைந்தமையே அடிப்படை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. நோய் தோன்றும் இடம், நரம்பின் பணி, இயல்பாக நலமடைதலுக்கும் மருந்தால் நலமடைதலுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை அம்மூன்றாகும்.

குறிச்சொற்கள்: முகநரம்பு, முகவாதம், அர்திதம், சார்லஸ் பெல், மருத்துவ வரலாறு

முன்னுரை
முகத்தின் ஒரு பாதி அசைவிழந்து, வாய் மறுபுறம் கோணி, கண் மூட இயலாத நிலையே முகவாதம். இதனை ஆயுர்வேதம் அர்திதம் என்றும், யுனானி லக்வா என்றும் வழங்குகின்றன. நோயின் தோற்றம் எங்கும் ஒன்றாகவே விவரிக்கப்படுகிறது. ஆனால் அத்தோற்றத்திற்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன என்பது படிப்படியாகவே புலனாயிற்று.

நோயின் இடம்
அர்திதத்தைச் சுசுருத சங்கிதை முகத்தோடு நிறுத்துகிறது. சரக சங்கிதையோ உடலின் பாதியும் தாக்கப்படும் நிலையை அதில் சேர்க்கிறது. எல்லை வகுப்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தமையை இது காட்டுகிறது. பாரசீக மருத்துவர் அல்-ராஸி (865–925) முகவாதம் குறித்து விரிவாக எழுதினார். மூளையில் தோன்றும் முகவாதத்தையும் நரம்பில் தோன்றும் முகவாதத்தையும் பிரித்துக் காண முயன்ற முன்னோடியாக மருத்துவ வரலாற்றாளர் அவரைக் குறிப்பிடுவர்.

இவ்வேறுபாட்டிற்கு உடற்கூற்று அடிப்படை உண்டு. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை வருகிறது. ஆகவே மூளையின் ஒரு பாதி தாக்கப்படும் பக்கவாதத்தில் நெற்றியைச் சுருக்கும் திறன் பெரும்பாலும் எஞ்சும். முகநரம்பே பழுதுற்றால் நெற்றியும் அசைவிழக்கும்.

நரம்பின் பணி
முகநரம்பு செல்லும் எலும்புக் குழாயைக் கேப்ரியல் ஃபலோப்பியோ 1561இல் விவரித்தார். எனினும் நரம்பின் பாதை தெரிந்த பின்னும் அதன் பணி நெடுங்காலம் தெளிவடையவில்லை. இதற்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது. கடும் முகவலியைத் தணிக்க எண்ணிய அறுவை மருத்துவர் சிலர் முகநரம்பை அறுத்தனர். வலி நீங்கவில்லை, முகம் செயலிழந்தது.

1821இல் சார்லஸ் பெல் இலண்டன் ராயல் கழகத்தில் அளித்த கட்டுரை ஐந்தாம், ஏழாம் மண்டை நரம்புகளின் பணிகள் வெவ்வேறானவை என வாதிட்டது. அவருடைய விளக்கத்திலும் பிழைகள் இருந்தன. ஐந்தாம் நரம்பு முகத்தின் உணர்ச்சிக்கும் மெல்லும் தசைகளுக்கும், ஏழாம் நரம்பு முகபாவத் தசைகளுக்கும் உரியவை என்பதை ஹெர்பர்ட் மேயோ விரைவில் தெளிவுபடுத்தினார். பெல்லுக்கு முன்பே, 1798 அளவில், நிக்கோலஸ் ஃப்ரீட்ரிக் இந்நோயுற்ற மூவரை விவரித்திருந்தார். எனினும் காரணம் அறியப்படாத முகவாதம் பெல்லின் பெயராலேயே வழங்குகிறது.

நரம்பின் பணி தெளிந்த பின்னரே அறுவை மருத்துவம் பொருளுடையதாயிற்று. 1895இல் சார்லஸ் பாலன்ஸ், பழுதுற்ற முகநரம்பைத் தோள் தசைகளுக்குரிய நரம்புடன் இணைத்தார். அதனால் தோளை அசைக்கும்போது முகமும் அசைந்தது. பின்னர் நாக்கின் நரம்பு பயன்படுத்தப்பட்டது. 1932இல் பாலன்ஸும் ஆர்தர் டூயலும் எலும்புக் குழாய்க்குள் நரம்பு ஒட்டு வைக்கும் முறையை வெளியிட்டனர்.

இயல்பான நலமும் மருந்தின் பயனும்
மூன்றாம் வேறுபாடே மிகக் கடினமானது. கோபன்ஹேகனில் எரிக் பெய்ட்டர்சன் மருந்து அளிக்காமல் 25 ஆண்டுகள் நோயாளிகளைக் கண்காணித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார். பெல் முகவாதமுற்ற 1,701 பேரில் 71 விழுக்காட்டினர் முழுமையாக நலமடைந்திருந்தனர். எண்ணெய்ப் பூச்சு, ஒற்றடம், மின்தூண்டல் என எதை அளித்தாலும் அது பயன் தந்ததாகவே தோன்றுவதன் காரணம் இதனால் விளங்கும். மருந்தின் பங்கை அறிய ஒப்பீடு இன்றியமையாதது.

அதற்குப் பொது அளவுகோலும் தேவைப்பட்டது. 1985இல் வெளிவந்த ஹவுஸ்–பிராக்மன் முறை முகச் செயற்பாட்டை ஆறு படிநிலைகளாக வகுத்தது. அவ்வளவுகோலைக் கொண்டு ஸ்காட்லாந்தில் நடைபெற்ற ஆய்வு 2007இல் வெளியாயிற்று. நோய் தோன்றி 72 மணி நேரத்திற்குள் 551 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். மூன்று மாத முடிவில் பிரெட்னிசோலோன் பெற்றவருள் 83.0 விழுக்காட்டினரும், பெறாதவருள் 63.6 விழுக்காட்டினரும் நலமடைந்தனர். ஒன்பது மாதங்களில் இவை முறையே 94.4, 81.6 ஆயின. தீநுண்ம எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரைத் தனித்து அளித்தபோது பயன் காணப்படவில்லை.

முடிவுரை
மருந்து பெறாத நிலையிலும் ஐவரில் நால்வர் நலமடையும் நோயில், நால்வரின் நலத்தைச் சான்றாகக் காட்டுவது எளிது. நலமடையாத ஐந்தாமவருக்கு எது உதவும் என்பதே மருத்துவத்தின் வினா. எந்த மருத்துவ மரபின் சிகிச்சையும் இவ்வினாவிற்கு விடை தந்தாக வேண்டும். மரபு மருத்துவச் சுவடிகளில் முகவாதத்தை ஆராய்வோர், அவை கூறும் மருந்துகளோடு, நோயை அவை எவ்வாறு வகைப்படுத்தின என்பதையும் நுணுகிக் காண்பது பயனுடையதாகும்.