திருமணத்துக்கு முந்தைய அரிவாள்செல் சோகைப் பரிசோதனை

திருமணத்துக்கு முந்தைய அரிவாள்செல் சோகைப் பரிசோதனை என்பது, மணம் செய்துகொள்ளவிருக்கும் ஆண், பெண் இருவரும் அரிவாள்செல் சோகைக்குரிய மரபணுவைக் கொண்டுள்ளனரா என்பதை இரத்தப் பரிசோதனை மூலம் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் நடைமுறை ஆகும். இம்மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்டவர்கள் மரபுக்காவிகள் எனப்படுகின்றனர். இவர்களுக்குப் பொதுவாக நோயின் அறிகுறி எதுவும் இருப்பதில்லை. எனவே, பரிசோதனை செய்யாமல் தமது நிலையை இவர்கள் அறிய இயலாது. நோயுள்ள குழந்தை பிறந்த பின்னரே தாம் காவிகள் என்பதை அறியும் பெற்றோர் பலர் உள்ளனர். பஹ்ரைன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் இப்பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நைஜீரியா, இந்தியா போன்ற நாடுகளில் இளையோரிடையே விழிப்புணர்வை ஏற்படுத்துவதன் மூலம் இது ஊக்குவிக்கப்படுகின்றது.

நோயின் தன்மை

இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் புரதமே உடலெங்கும் ஆக்சிசனைக் கொண்டு செல்கின்றது. இப்புரதத்தின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமைவதே அரிவாள்செல் சோகைக்குக் காரணமாகும். ஆக்சிசன் குறையும்போது மாறுபட்ட ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட இழைகளாகின்றன. அதனால் வட்டத் தட்டு வடிவிலுள்ள சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து விறைப்படைகின்றன. இவை நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்குகின்றன. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் வடிவ அணுக்கள் 10 முதல் 20 நாட்களில் அழிந்துவிடுவதால் இரத்தசோகை ஏற்படுகின்றது. தொற்றுநோய்கள், பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியனவும் நோயாளிகளுக்கு ஏற்படக்கூடும்.

மரபுக்காவிகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கின்றது. மலேரியா நெடுங்காலம் நிலவிய ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம், நடுநிலக்கடற் பகுதி, இந்தியா ஆகிய இடங்களில் இம்மரபணு மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

மரபுரிமை

ஒவ்வொருவரும் இம்மரபணுவின் ஒரு பிரதியைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றனர். இரண்டு பிரதிகளும் மாறுபட்டிருந்தால் மட்டுமே அரிவாள்செல் சோகை உண்டாகும். ஒவ்வொரு கருத்தரிப்பின்போதும் உள்ள வாய்ப்புகள் வருமாறு:

• காவியும் இயல்பானவரும் மணந்தால்: குழந்தை காவியாக இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு, அரிவாள்செல் சோகை ஏற்படாது.
• காவியும் காவியும் மணந்தால்: நோய் ஏற்பட 25 விழுக்காடும், காவியாக இருக்க 50 விழுக்காடும், இயல்பாக இருக்க 25 விழுக்காடும் வாய்ப்பு உண்டு.
• நோயாளியும் இயல்பானவரும் மணந்தால்: குழந்தைகள் அனைவரும் காவிகளாக இருப்பர், நோய் ஏற்படாது.
• நோயாளியும் காவியும் மணந்தால்: நோய் ஏற்பட 50 விழுக்காடும், காவியாக இருக்க 50 விழுக்காடும் வாய்ப்பு உண்டு.

ஒருவர் அரிவாள்செல் மரபணுவையும் மற்றவர் பீட்டா தலசீமியா மரபணுவையும் கொண்டிருந்தாலும் நோயுள்ள குழந்தை பிறக்கக்கூடும்.

பரிசோதனை முறைகள்

கரைதிறன் சோதனை எளியது, செலவு குறைந்தது. ஆனால் இது மாறுபட்ட ஈமோகுளோபின் உள்ளதா என்பதை மட்டுமே காட்டும். நோயாளியையும் காவியையும் இதனால் பிரித்தறிய இயலாது. தலசீமியாவையும் இது காட்டாது. ஆகையால் மின்பகுப்பு முறையாலோ உயர்திறன் நீர்ம நிறப்பகுப்பியல் முறையாலோ முடிவு உறுதி செய்யப்பட வேண்டும். இந்நிலை வாழ்நாளில் மாறுவதில்லை என்பதால், சரியாக ஒருமுறை உறுதி செய்தால் போதுமானது.

இளையோரின் விழிப்புணர்வு

நோயின் பெயரை அறிந்திருப்பதும் தன் நிலையை அறிந்திருப்பதும் வேறு வேறானவை. நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும் பரிசோதனை செய்துகொள்ளாத இளைஞர்கள் பலர் உள்ளனர். பொதுவாகக் காணப்படும் தவறான எண்ணங்கள் சில:

• இரத்தவகை தெரிந்தால் போதும் என்பது. ஏ, பி, ஓ முதலிய இரத்தவகைகளுக்கும் அரிவாள்செல் மரபணுவுக்கும் தொடர்பில்லை. இரத்தவகைச் சோதனை காவி நிலையைக் காட்டாது.
• குடும்பத்தில் எவருக்கும் நோய் இல்லாததால் அச்சமில்லை என்பது. மரபணு பல தலைமுறைகள் காவிகள் வழியாகவே வெளித்தெரியாமல் கடத்தப்படலாம்.
• நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் நோய் வரும் என்பது. வாய்ப்பு ஒவ்வொரு கருத்தரிப்புக்கும் தனித்தனியானது. முதற் குழந்தைக்கு நோய் இருப்பதால் அடுத்த குழந்தை தப்பிவிடும் என்று கொள்ள இயலாது.
• காவி நிலை பின்னாளில் நோயாக மாறும் என்பது. அவ்வாறு மாறுவதில்லை.
• குறை பெண்ணிடம்தான் இருக்கும் என்பது. நோயுள்ள குழந்தை மாறுபட்ட மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறுகின்றது.

நாடுகளின் பட்டறிவு

பஹ்ரைன்: இந்நாட்டில் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனைச் சேவை 1985 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது, 1993 இல் சுகாதார நிலையங்கள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1998-99 கல்வியாண்டில் 11 ஆம் வகுப்பு மாணவர்கள் 5,685 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 13.8 விழுக்காட்டினர் காவிகளாகவும் 1.2 விழுக்காட்டினர் நோயாளிகளாகவும் இருந்தனர். நோய் பற்றிய விரிவுரைகள் நடத்தப்பட்டதுடன், மாணவர்களுக்கு அவரவர் முடிவைக் குறிக்கும் அட்டையும் வழங்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் பரிசோதனை சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. 1980களின் நடுவில் பிறந்த குழந்தைகளில் 2.1 விழுக்காட்டினருக்கு இருந்த நோய், 2010 அளவில் 0.4 விழுக்காடாகக் குறைந்தது.

சவூதி அரேபியா: 2004 ஆம் ஆண்டிலிருந்து திருமணப் பதிவுக்கு இப்பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயமாக உள்ளது. எனினும், முடிவு எவ்வாறு இருப்பினும் மணம் செய்வது இருவரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. தொடக்கத்தில், இருவரும் காவிகள் எனத் தெரிந்த பின்னரும் பெரும்பாலானோர் மணம் செய்துகொண்டனர். முடிவு கைக்குக் கிடைக்கும்போது குடும்பங்கள் வாக்குக் கொடுத்து, மண ஏற்பாடுகளையும் முடித்திருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. 2004 இல் இத்தகைய இணைகளுள் 9.2 விழுக்காட்டினர் மட்டுமே மணத்தைத் தாமாகக் கைவிட்டனர். 2009 இல் இது 51.9 விழுக்காடாக உயர்ந்தது.

நைஜீரியா: உலகில் இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் மிகுதியாக உள்ள நாடு இதுவாகும். மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் காவியாவார். நகரங்களில் படித்த இளையோர், பழகத் தொடங்கும்போதே ஒருவரது மரபணு வகையை மற்றவர் கேட்டறிவது வழக்கமாகியுள்ளது. பல கிறித்தவத் திருச்சபைகள் திருமணத்தை நடத்திவைக்கும் முன் பரிசோதனைச் சான்று கேட்கின்றன.

இந்தியா: 1952 ஆம் ஆண்டில் எர்மன் லேமன், மாரி கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள்செல் மரபணுவைக் கண்டறிந்தனர். தமிழகத்தில் இருளர், குறும்பர், பணியர் முதலிய பழங்குடியினரிடம் இது காணப்படுகின்றது. சத்தீசுகர், மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், குசராத்து, ஒடிசா ஆகிய மாநிலங்களில் பழங்குடியினரிடமும் பிற சமூகத்தினர் சிலரிடமும் மிகுதியாக உள்ளது. சிறிய சமூகத்துக்குள்ளேயே மணம் கொள்ளும் வழக்கத்தால் காவிகள் இருவர் இணையும் வாய்ப்பு கூடுகின்றது. 2023 சூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் சாதோலில் தேசிய அரிவாள்செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதித்தல், ஒவ்வொருவரின் நிலையையும் குறிக்கும் அட்டை வழங்குதல், மணத்துக்கு முன் ஆலோசனை அளித்தல் ஆகியன இதன் பணிகளாகும். 2047 ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்பது இதன் இலக்காகும்.

சிக்கல்களும் விமர்சனங்களும்

பரிசோதனை தீங்காகவும் முடியலாம் என்பதற்கு ஐக்கிய அமெரிக்கா ஒரு சான்றாகும். 1968 ஆம் ஆண்டில் அறிவியலாளர் லினசு பாலிங், காவிகளின் நெற்றியில் அடையாளம் பச்சை குத்தலாம் என எழுதினார். 1970களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கறுப்பினத்தவருக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. காவி நிலைக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு தெளிவாக விளக்கப்படாமையால், உடல்நலமுள்ள காவிகள் வேலைவாய்ப்பிலும் காப்பீட்டிலும் பாகுபாட்டுக்கு உள்ளாயினர். 1972 ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் பரிசோதனை தன்விருப்பின் பேரில் அமைய வேண்டும் என வலியுறுத்தியது.

கிரேக்க நாட்டின் ஓர்கோமெனோசு என்னும் ஊரிலும் இத்தகைய நிலை ஏற்பட்டது. அங்கு மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் காவியாவார். பரிசோதனைக்குப் பின் காவிகளை மணக்கப் பிறர் தயங்கியதால் சிலர் தமது நிலையை மறைத்தனர். காவிகள் இருவர் இணையும் மணங்கள் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. மந்தண காப்பு இல்லாத ஊர்களில், பரிசோதனை முடிவு பெண்ணின் மணவாய்ப்பையே கூடுதலாகப் பாதிக்கும் என்ற கவலையும் உண்டு.

மரபியல் ஆலோசனை

ஆலோசனையின் நோக்கம் மணத்தைத் தடுப்பதன்று. இருவரும் அறிந்து முடிவெடுக்க உதவுவதாகும். காவி ஒருவர் இயல்பான ஒருவரை மணப்பதற்குத் தடையேதும் இல்லை. காவிகள் இருவர் மணம் செய்ய விரும்பினால், கருவுற்ற பின் 10 முதல் 13 வாரங்களில் கருச்சூழ் சவ்வின் திசுவைச் சோதித்தல், வெளிச்சோதனைக் கருக்கட்டலில் நோயற்ற கருவைத் தேர்ந்தெடுத்தல் ஆகிய வழிகள் உள்ளன. கருக்கலைப்புத் தொடர்பான சமய நம்பிக்கையும் செலவும் இவற்றை எல்லோருக்கும் ஏற்றதாக்குவதில்லை.

ஐதராக்சியூரியா மருந்து வலியையும் பிற பாதிப்புகளையும் குறைக்கின்றது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் குணப்படுத்த இயலும் எனினும் பொருந்தும் கொடையாளர் கிடைப்பது அரிது. 2023 இறுதியில் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் மரபணுச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. அதன் விலை மிக அதிகமாகும். ஆகையால் நோய் மிகுந்த நாடுகளில், மண ஏற்பாடுகள் தொடங்கும் முன்னரே பள்ளி, கல்லூரிப் பருவத்தில் தன் நிலையை அறிந்துகொள்வது இன்றும் பயன்மிக்க வழியாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

• இரத்தசோகை
• ஈமோகுளோபின்
• தலசீமியா
• மலேரியா
• உலக அரிவாள்செல் நாள் (சூன் 19)