பிறந்த நாடு அறியாத ஆசான்

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்து மக்களுக்கு வெள்ளையர் என்றால் துரை. துரை என்றால் பங்களாவும் மோட்டார் வண்டியும் கட்டளையும். அவ்வெள்ளையர் நாட்டிலும் மண்ணுக்கடியில் இறங்கிக் கரி வெட்டிப் பிழைத்த இலட்சக்கணக்கான ஏழை மக்கள் இருந்தனர் என்பதும், அவர்கள் பிள்ளைகளும் திறமையைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் காத்து நின்றனர் என்பதும் நம்மவர் பலருக்கு எட்டாத செய்தி. அத்தகைய ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட ஜார்ஜ் ரெய்னர் என்னும் கால்பந்தாட்ட ஆசானின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ரெய்னர் 1907-ம் ஆண்டில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஹாய்லண்ட் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். வலப்புற ஓரத்தில் ஓடி ஆடுவது அவர் வழக்கம். ஷெப்பீல்ட் யுனைடெட் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் முதல் அணியில் இடம் கிட்டுவது அரிதாயிற்று. பின்னர் மான்ஸ்பீல்ட், ராதர்ஹாம், பெரி, ஆல்டர்ஷாட் எனக் கீழ்ப்பிரிவுச் சங்கங்களிலேயே அவருடைய ஆட்ட நாட்கள் கழிந்தன. இங்கிலாந்தின் தேசிய அணிச் சட்டையை அவர் ஒரு நாளும் அணிந்ததில்லை. அந்நிலையில் இரண்டாம் உலகயுத்தம் மூண்டது.

யுத்தம் பலரைக் கெடுத்தது. இவருக்கோ வழி திறந்தது. இராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகப் பாக்தாத் நகருக்கு அனுப்பப்பட்ட ரெய்னர், அங்கே ஈராக்கிய இளைஞர்களைத் திரட்டி ஓர் அணியை உருவாக்கினார். அவ்வேலையின் சிறப்பு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசி ஸ்டான்லி ரவுஸ் காதுக்கு எட்டிற்று. யுத்தம் முடிந்தபின் ஆல்டர்ஷாட் சங்கத்தில் இரண்டாம் அணியைப் பழக்கிக்கொண்டிருந்த அவரை, 1946-ல் சுவீடன் தேசத்தார் பயிற்சியாசிரியராக ஏற்றனர். அதற்குத் துணைநின்றது ரவுஸின் சிபாரிசே. சொந்த நாட்டில் இரண்டாம் அணிக்கு மட்டுமே போதுமானவர் என்று கருதப்பட்டவர், அயல்நாட்டில் தேசம் முழுவதற்கும் ஆசானானார்!

தேசிய அணியோடு நில்லாமல், ஏ.ஐ.கே., ஆட்விடபெர்க் போன்ற உள்நாட்டுச் சங்கங்களிலும் அவர் பயிற்சி தந்தார். சுவீடன் ஆட்டக்காரர்கள் அக்காலத்தில் ஊதியமின்றி ஆடியவர்கள். புகழ்பெற்ற குன்னார் நோர்டால் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். 1948-ம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் இவ்வணி கொரியாவை 12 கோல்களால் வென்றது. டென்மார்க்கோடு நடந்த அரையிறுதியில் ஒரு வேடிக்கை: ஆப்சைடு என்று குற்றம் சொல்லப்படாதிருக்க நோர்டால் எதிரியின் கோல் வலைக்குள்ளேயே பாய்ந்துவிட, தோழன் தலையால் முட்டிய பந்து வலைக்குள் நின்ற அவரிடமே வந்து சேர்ந்தது! இறுதியில் யூகோஸ்லாவியாவை 3-1 என வென்று தங்கப்பதக்கம் பெற்றனர். நோர்டால் சகோதரர் மூவர் அவ்வாட்டத்தில் ஆடினர்.

வெற்றி கையோடு சோதனையையும் கொண்டுவந்தது. மறு ஆண்டிலேயே இத்தாலியின் மிலான் சங்கம் நோர்டால், கிரென், லீட்ஹோல்ம் மூவரையும் பணங்கொடுத்துக் கொண்டுசென்றது. ஊதியம் பெற்றவனுக்குத் தேசிய அணியில் இடமில்லை என்பது சுவீடன் சங்கத்தின் விதி. உழைப்புக்குக் கூலி வாங்கியவன் தீட்டுப்பட்டவனோ? தீட்டுக் கற்பிப்பது நம்மவர்க்கு மட்டுமே உரிய குணமன்று போலும்! ரெய்னர் முணுமுணுக்கவில்லை. புதிய இளைஞரைத் தேடிப் பழக்கினார். அவர்களைக் கொண்டே 1950-ல் பிரேசிலில் நடந்த உலகக்கோப்பையில் இத்தாலியை 3-2 என வீழ்த்தினார். பிரேசிலிடம் 7-1 எனப் படுதோல்வி கண்டபோதிலும், முடிவில் ஸ்பெயினை வென்று மூன்றாமிடம் பிடித்தார். அதே பந்தயத்தில்தான் இங்கிலாந்து அமெரிக்காவிடம் 1-0 எனத் தோற்றுத் தலைகுனிந்தது.

எல்லாப் புகழையும் ஒருவர் தலையிலேயே சூட்டுவது நியாயமன்று. ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் குழுவின் தலைவர் புட்டே கோக் என்பாருக்கும் இவ்வெற்றிகளில் பங்குண்டு. எனினும் பழக்கியவரும் எதிரியின் ஆட்டத்தை அளந்தவரும் ரெய்னரே. 1953 நவம்பரில், அந்நாளில் யாராலும் அசைக்கமுடியாத ஹங்கேரியை அதன் தலைநகரிலேயே 2-2 எனச் சுவீடன் சமன்செய்தது. முன்னணி நடுவர் ஹிடெகுட்டி வழக்கத்துக்கு மாறாகப் பின்னே தங்கி ஆடுவதைக் கண்ட ரெய்னர், அவரை விடாது தொடர ஆள் நியமித்ததே அதன் சூட்சுமம். பத்து நாளில் அதே ஹங்கேரி இலண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என வென்றது; ஹிடெகுட்டி மட்டும் மூன்று கோல் போட்டார். யோசனை கேட்க விரும்பியிருந்தால், கேட்கத்தக்க ஆள் ஒருவர் அவர்கள் இனத்திலேயே இருந்தார்.

பின்னர் இத்தாலியில் லாசியோ, இங்கிலாந்தில் மூன்றாம் பிரிவிலிருந்த கோவென்ட்ரி எனச் சிறிது காலம் அலைந்து, மீண்டும் சுவீடன் சென்றார். 1958-ல் உலகக்கோப்பை அந்நாட்டிலேயே நடந்தது. ஊதிய விதியும் தளர்ந்தது. 37 வயது கிரெனும் 35 வயது லீட்ஹோல்மும் திரும்பி வந்தனர். ரஷ்யரையும் மேற்கு ஜெர்மானியரையும் வென்று இறுதியாட்டத்தை எட்டிய சுவீடன், ஜூன் 29-ந் தேதி நான்காம் நிமிஷத்திலேயே லீட்ஹோல்மின் கோலால் முந்திற்று. பிறகு பதினேழு வயதுப் பெலேயின் பிரேசில் 5-2 என வென்றது.

உலகத்தின் இரண்டாம் அணியை உருவாக்கிய மனிதர் தாயகம் திரும்பினார். பெரிய சங்கம் எதுவும் அழைக்கவில்லை. கடற்கரையூரான ஸ்கெக்னெஸில் ஒரு சிறு சங்கத்தின் அணியைப் பழக்கினார். 1959 அக்டோபரில் சுவீடன் வெம்பிளியிலேயே இங்கிலாந்தை 3-2 என வென்றபோது அவ்வணியைத் தயார் செய்தவரும் அவரே. அவ்வெற்றி அவருக்கு முழு மகிழ்ச்சி தரவில்லை. அவ்வேலையைப் பிறந்த நாட்டுக்கே செய்ய விரும்பியிருந்தார்.

1966-ல் இங்கிலாந்து உலகக்கோப்பையை வென்றது. மறு ஆண்டு ரெய்னர் நான்காம் பிரிவிலிருந்த டான்காஸ்டர் ரோவர்ஸ் சங்கத்தில் பொறுப்பேற்றார். பின்னர் அதுவும் முடிந்தது. அவ்வூர் ஹாய்லண்டுக்கு வெகு தொலைவன்று.