வேர்க்சொப்பின் மேல் விழுந்த குண்டு

கொழும்பில் இன்று உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் என்றால் 2019 ஏப்ரல் 21ம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். என் அப்பப்பாவின் வயதுக்காரருக்கு அது 1942 ஏப்ரல் 5. அப்போது அவர் இரத்மலானை ரயில்வே வேர்க்சொப்பில் ஸ்டோர்ஸ் கிளாக்கர். வெள்ளவத்தையில் வாடகை வீடு, காலை ரயில், கையில் சோற்றுப் பார்சல்.

இரத்மலானையில் முதலில் வந்தது ரயில்தான். கரையோரப் பாதை 1877இல் கொழும்பிலிருந்து தெற்கே இறங்கி, 1895இல் மாத்தறையைத் தொட்டது. விமானம் வெகு பிந்தி, 1935 நவம்பர் 27ஆம் திகதி, மெட்ராஸ் பறப்புக் கழகத்தின் சின்ன ‘புஸ் மொத்’ ஒன்றாக வந்து இறங்கியது. காலி வீதிக்கு ஒரு பக்கம் ஓடுபாதை, மறுபக்கம் தண்டவாளமும் வேர்க்சொப்பும். சமாதான காலத்தில் இது வசதியான அயல். யுத்தம் வந்து பிரித்தானிய விமானப்படை அங்கே குடியேறியதும், தண்டவாளத்துக்காரரும் குறிக்குள் வந்துவிட்டார்கள்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். அடுத்தது நாங்கள்தான் என்று கொழும்பு பேசிக்கொண்டது. ஏப்ரல் 4ஆம் திகதி, கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், கொக்கலை ஏரியிலிருந்து ‘கற்றலீனா’ பறக்கும் படகில் கிளம்பிப்போய் தெற்குக் கடலில் யப்பானியக் கடற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியை அனுப்பிவிட்டார். (கொக்கலையும் இதே கரையோரப் பாதையில்தான் இருக்கிறது.)

மறுநாள் காலை ஏழரை மணியளவில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 125 விமானங்கள் மிட்சுவோ புச்சிடாவின் தலைமையில் கொழும்புக்கு மேல் வந்தன. பேர்ச்சலின் செய்தி முதல் நாளே கிடைத்திருந்தும், இரத்மலானையில் நின்ற 30ஆம் ஸ்குவாட்றனுக்கு எச்சரிக்கை கிடைத்தது எதிரி விமானங்களைக் கண்ணால் கண்ட பிறகுதான். குண்டு விழ விழ ‘ஹரிகேன்’ விமானங்கள் கிளம்பின. அந்த ஸ்குவாட்றன் மட்டும் எட்டு விமானங்களை இழந்தது. திருகோணமலையிலிருந்து டோர்ப்பிடோவுடன் இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த ஆறு ‘சுவோட்பிஷ்’ விமானங்களில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. துறைமுகத்தில் ‘டெனடோஸ்’, ‘ஹெக்டர்’ மூழ்கின. நடுக்கடலில் ‘டோர்செட்ஷயர்’, ‘கோர்ன்வோல்’.

ரயில்வே வேர்க்சொப்பும் அடிபட்டது. யுத்த நூல்களில் அதற்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் விமானிகளும் மாலுமிகளும். பட்டறைத் தொழிலாளியின் கதை அவர்களுக்கு எதற்கு? ஆனால் மலையகத்துத் தேயிலையும் இறப்பரும் துறைமுகத்துக்கு வந்தது ரயிலில். மலாயாவை இழந்த நேச நாடுகள் இறப்பருக்கு எங்கள் தீவையே நம்பியிருந்த காலம் அது. நீராவி எஞ்சின் பெரிய பழுது பார்க்க வரவேண்டிய இடம் இரத்மலானை. பட்டறை நின்றால் எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் சரக்கு தோட்டத்திலேயே கிடக்கும். யப்பானியர் இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் போட்டார்களா, நீண்ட கூரைகளை விமானக் கொட்டகை என்று எண்ணிப் போட்டார்களா என்பது வேறு கதை.

அப்பப்பா விமானங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தார். பீரங்கிச் சத்தத்தைப் பயிற்சி என்றே நினைத்தாராம். அவருடைய கதை திங்கட்கிழமைதான் தொடங்கும். தகரக் கூரை பிய்ந்து கிடக்க, தடித்த இருப்புப் பேரேடு நனைந்து ஊதிப்போய், நீல மை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருந்ததாம். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பழைய ‘டெய்லி நியூஸ்’ துண்டு வைத்துக் காயவிட்டு, புதுப் பேரேட்டில் ஆணி, போல்ட், வோஷர் என்று திரும்ப எழுதினார். “யப்பான்காரன் அரை மணித்தியாலத்தில போட்டிட்டுப் போட்டான், நான் தீபாவளி மட்டும் எழுதினனான்” என்பார்.

பயம் வேகமாகப் பரவியது. கொழும்பை விட்டுச் சனம் வெளியேறியது. இந்தியத் தொழிலாளரும் வியாபாரிகளும் தலைமன்னார் ரயிலைப் பிடித்து, கப்பலில் தனுஷ்கோடிக்குப் போனார்கள். அப்பாச்சியும் பிள்ளைகளும் இரவு மெயிலில் யாழ்ப்பாணம் போக, அப்பப்பா மட்டும் தங்கிவிட்டார். கல்கிசை சென் தோமஸ் கல்லூரிக் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொள்ள, மாணவரில் ஒரு பகுதியினர் குருத்தலாவைக்குப் போனார்கள். அங்கே இன்றும் அந்தக் கிளைப் பாடசாலை நடக்கிறது.

இரத்மலானைக்கு இன்னொரு யுத்தமும் உண்டு. 1983 ஜூலையில் வீடிழந்த கொழும்புத் தமிழர் பலர் அந்த விமான நிலையக் கொட்டகையில் அகதிகளாகக் கிடந்து, பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறை போனார்கள். அது தனியாக எழுத வேண்டியது.

1942இன் ஆகாயக் கதையைச் சொல்ல இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களுக்கு 2014இலிருந்து கடுகண்ணாவையில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. குண்டடிபட்ட பட்டறை இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. இரத்மலானை மேடையில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்க ரயில்வே பகுதிக்குப் பெரிய செலவில்லை. வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் அந்தக் காலத்து ரயில்வே பாஸ், சம்பளச் சீட்டு, வேர்க்சொப் ஆட்கள் வரிசையாக நின்று எடுத்த படம் ஏதும் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பின்பக்கத்தில் பெயர்களைப் பென்சிலால் எழுதி, ஒரு பிரதியையாவது தேசிய சுவடிகள் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.