நன்னூல் கூறும் பாடம் கேட்கும் முறை

வாசிக்கிறவன் தனக்கு விளங்கியது எது, விளங்காதது எது என்று தன்னையே சோதித்தறிதலை 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளேவெல் ஆராய்ந்தார். அதனை இன்று 'மீயறிதல்' என்கிறோம். பெயர் புதிது, பொருள் தமிழருக்குப் பழையது.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் சமண முனிவர் பவணந்தி இயற்றிய நன்னூலின் பாயிரம் மாணவனின் புலமையை நான்காகப் பகுக்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உட்கொண்டவனுக்கும் காற்பங்கே கிட்டும். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய பாதி பிறருக்கு விரித்துரைப்பதால் வரும். பிறருக்கு உரைக்கப் புகும்போதே நமது ஐயங்கள் நமக்குத் தென்படுகின்றன அன்றோ?

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். 1789இல் எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. ஆயினும் அங்கும் இங்கும் ஒப்புவித்தலே ஓங்கியது, விரித்துரைத்தல் பின்தங்கியது. 1984இல் பாலின்சார், பிரவுன் என்போர், மாணவர் முறைவைத்து ஆசிரியராக நின்று, வாசித்ததைச் சுருக்கி, வினவி, தெளிந்து, வருவதை ஊகிக்கும் பயிற்சியால் பொருளுணர்வு வளர்வதைக் காட்டினர்.

வல்லக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் தடையின்றி வாசிக்கும் பிள்ளைகளும் பொருள் கேட்டால் மௌனமாகின்றனர். எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு வினவியதும் பொருளைப் பற்றியே. ஆகவே, வாசித்த பகுதியை ஒவ்வொரு பிள்ளையும் அருகிலுள்ள பிள்ளைக்குத் தன் சொல்லில் உரைக்கச் செய்வோமாக.