வயிற்றுக்குள் ஒரு பை – அத்தியாயம் 9: இருபதாம் ஆண்டுக் கணக்கு

கோக்கின் வால்வு நழுவிக்கொண்டே இருந்தது.

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நில்ஸ் கோக், சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து வயிற்றுக்குள்ளேயே ஒரு பை செய்ததையும், கசியாமலிருக்கக் குடலைக் குடலுக்குள் செருகி அடைப்பு வைத்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். வயிற்றின் மேல் ரப்பர் பை ஒட்ட வேண்டாம். ஒரு நாளில் சில முறை குழாயை விட்டு வடித்தால் போதும். ஆனால் செருகிய குடல் மெல்ல உருவிக்கொண்டு வெளியே வந்தது. சிலருக்குக் கசிந்தது. சிலருக்குக் குழாயே உள்ளே போகவில்லை. மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் மயக்க மருந்து.

அப்போது லண்டன் சிட்டி ரோட்டில் இருந்த செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸின் யோசனை வேறு திசையில் ஓடியது. கையால் வால்வு செய்ய இத்தனை பாடு எதற்கு? பிறவியிலேயே வந்த ஒன்று கீழே நன்றாகத்தானே இருக்கிறது! அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தின்பது பெருங்குடல், மலக்குடலின் உள்படலத்தை. ஆசனவாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத்தசை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அப்படியானால் பெருங்குடலை முழுதாக எடுத்து, மலக்குடலின் அடிப்பகுதியில் நோயுற்ற படலத்தை மட்டும் உரித்து, தசையை அப்படியே விட்டுவைத்து, சிறுகுடலைக் கீழே இழுத்து அங்கே தைத்துவிடலாமே.

1947-லேயே அமெரிக்காவில் ரேவிச்சும் சபிஸ்டனும் இதைச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் இழுத்து வந்தது வெறும் குழாய். எதையும் தேக்கிவைக்க இடமில்லாததால் நோயாளிகள் பகலும் இரவும் கழிப்பறைக்கு ஓடினார்கள். எரியும் நீர்மலத்தால் தோல் புண்ணானது. பார்க்ஸ் செய்த காரியம் எளிமையானது, அதனால்தான் மகத்தானது: கோக்கின் பையை எடுத்து ரேவிச்சின் இடத்தில் வைத்தார்.

1978-ல் அவரும் ஜான் நிக்கல்ஸும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டார்கள். நோயாளிகள் 5 பேர். அவ்வளவுதான்.

அவர்களின் காத்திருப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். புதுத் தையல் ஆறும்வரை மலத்தை வயிற்றின் வழியே திருப்பிவிட வேண்டும். அதற்குத் தற்காலிகமாக ஒரு இலியாஸ்டமி. எந்தப் பை வேண்டாமென்று இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்களோ, அதே பை மாதக்கணக்கில் வயிற்றில் தொங்கும். பிறகு இன்னொரு ஆபரேஷனில் அதை மூடுவார்கள். உள்ளே இருக்கும் பை வேலை செய்யுமா என்பது அதன் பிறகுதான் தெரியும்.

பை தாங்கியது. ஆனால் பலருக்குக் காலியாகவில்லை.

பார்க்ஸின் பை மூன்று மடிப்பு கொண்ட எஸ் வடிவம். அதன் அடியில் குடலின் ஒரு துண்டு மூக்கு மாதிரி நீண்டிருந்தது. அது மடங்கி வழியை மறித்தது. ஏறத்தாழப் பாதிப் பேர் ஆசனவாய் வழியே குழாய் செருகித்தான் மலத்தை வெளியேற்ற வேண்டியிருந்தது. கோக்கின் நோயாளிகளை விடாத குழாய் இவர்களையும் விடவில்லை.

விடை டோக்கியோவிலிருந்து வந்தது. குடும்பம் குடும்பமாகப் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் முளைத்துப் புற்றாக மாறும் பரம்பரை நோயைக் கவனித்துவந்த ஜோஜி உட்சுனோமியா, 1980-ல் இரண்டே மடிப்பில் ஜே வடிவப் பையை அறிமுகம் செய்தார். மூக்கு கிடையாது, பையின் வளைவே நேராக ஆசனவாயோடு சேர்கிறது. தைப்பது சுலபம், குழாயும் தேவையில்லை. இன்று உலகெங்கும் பெரும்பாலும் போடுவது இந்த ஜே பைதான்.

1982 நவம்பரில் ஆலன் பார்க்ஸ் இறந்தார். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸுக்கு அப்போது அவர்தான் தலைவர். தன் கட்டுரை வெளிவந்து நான்கே ஆண்டுகள். முப்பது வயதில் பை வைத்துக்கொண்டவர் ஐம்பது வயதில் எப்படி இருப்பார் என்பதை அவர் பார்க்கவே இல்லை.

அதைப் பொறுமையாக எண்ணியவர்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்தார்கள். 1981 முதல் அங்கே பை வைத்துக்கொண்ட 1,800-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு, 2007-ல் கணக்கை வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்தும் நூற்றில் 92 பேருக்குப் பை நிலைத்திருந்தது. பகலில் ஆறு தடவை மோஷன், இரவில் ஒன்றிரண்டு. முதலாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கிட்டத்தட்ட எல்லாருமே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த 92 என்ற எண்ணை மதிக்கிறேன். ஆனாலும் அங்கேயே நின்றுவிட எனக்கு மனமில்லை. பை உள்ளே இருக்கிறது என்பது சர்ஜனின் கணக்கு. இரவில் துணி நனையாமல் விடிந்ததா என்பதுதான் நோயாளியின் கணக்கு. அந்தக் கணக்கும் அதே ஆய்வில் இருக்கிறது: வயது ஏற ஏற, இரவில் அடிக்கடி கசிவதாகச் சொன்னவர்கள் நூற்றில் பன்னிரண்டிலிருந்து ஐந்தில் ஒருவராக உயர்ந்தார்கள். பெண்களின் கதையோ வெகு தாமதமாகவே பேசப்பட்டது. இடுப்புக்குள் நடக்கும் இந்த ஆபரேஷனில் கருக்குழாய்களைச் சுற்றித் தழும்பு ஒட்டிக்கொள்கிறது. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது என்று 2000-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அதற்குள் பல ஆயிரம் இளம்பெண்கள் பை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவை எல்லாவற்றையும் தாண்டி ஒரு புதிர் மிச்சமிருந்தது.

நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று மோஷன் இரட்டிப்பாகும். அவசரம், அடிவயிற்றில் வலி, காய்ச்சல், சில சமயம் ரத்தம். பழைய நோய் திரும்பிவிட்டதோ என்று குடும்பமே கலங்கும். கேமராவை விட்டுப் பார்த்தால் பை சிவந்து வீங்கியிருக்கும். தன் நோயாளிகளிடம் இதைப் பார்த்த கோக்தான் 1970-களில் இதற்குப் பவுச்சைட்டிஸ் என்று பெயரிட்டார். கொலைட்டிஸுக்காகப் பை வைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒருமுறையாவது இது வருகிறது. மெட்ரோனிடசோல் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அப்படியானால் குற்றவாளி பாக்டீரியாதானே?

பொறுங்கள். உட்சுனோமியா கவனித்தாரே, அந்தப் பாலிப் நோயாளிகள்! அவர்களுக்கும் அதே பை, அதே தையல், பைக்குள் தேங்குவதும் அதே மலம். அவர்களுக்கு மட்டும் பவுச்சைட்டிஸ் வருவது அபூர்வம். ஏன்?

இத்தாலியின் போலோனியா நகரில் ஒரு மருத்துவர் குழு, பாக்டீரியாதான் குற்றவாளி என்ற எண்ணத்தைத் தலைகீழாக யோசித்தது. திரும்பத் திரும்பப் பவுச்சைட்டிஸ் வந்துகொண்டிருந்த 40 பேரை முதலில் ஆன்டிபயாட்டிக்கால் குணமாக்கினார்கள். பிறகு பாதிப் பேருக்கு உயிருள்ள பாக்டீரியா அடங்கிய தூள். மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத தூள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. ஒன்பது மாதம் காத்திருந்து, ரகசியக் குறியீட்டைப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தில் இருந்த ஒருவர்கூட நோயிலிருந்து தப்பவில்லை.

எந்தப் பக்கம்?

(தொடரும்)