கொம்புமுறியும் ஊரொற்றுமையும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலுமுள்ள பழம்பதிகள் பலவற்றில் கண்ணகையம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். மதுரையை எரித்த அவளது சினம் தணிய எழுந்ததே கொம்புமுறி விளையாட்டு என்பது முன்னோர் மரபு.

இதில் ஊரார் கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி என இருகூறாவர். இரு மரக்கொம்புகளைக் கோத்து, வடம் பூட்டி, எதிரெதிரே இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தின்பொருட்டு ‘அங்கெலிய’ என்னும் இத்தகைய விளையாட்டை ஆடிவந்தனர்.

மிசன் பள்ளியில் உதைபந்தாட்டம் பயின்ற எனக்கு, ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் கைபற்ற வேண்டுமென ஆசிரியர் கற்பித்தனர். அந்த அறம் நம் கோயில் முன்றிலிலும் இருந்ததைப் பின்னரே உணர்ந்தேன். முறிவது கொம்பேயன்றி உறவன்று. இரு சேரியாரும் வணங்குவது ஒரே அம்மனை. வெற்றிச் செருக்கு எல்லை மீறின் விளையாட்டே வினையாகும் என்பதையும் மறத்தலாகாது.

வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் இதனைப் பதிந்து வைத்தார். ஏட்டிலிருந்தால் மட்டும் போதுமா? வடம் பிடிக்கத் தெரிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உளர். இளைஞர்காள், அவர்களிடம் கேட்டறிவோம், களத்தில் இறங்குவோம்!