சங்கும் தறியும்

தாமரைத் தண்டிலே நூலெடுத்துத் தேவர்களுக்கு ஆடை நெய்தாராம் மார்க்கண்ட முனிவர். காஞ்சிப் பட்டு நெசவாளர் அவர் வழித்தோன்றல்களாம்! புராணிகர் புகலும் பெருமை இது. தேவர்கள் கூலி கொடுத்தனரா என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

கல்வெட்டுகள் வேறு கதை பேசுகின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே ‘தறியிறை’ என்றொரு வரியைக் காண்கிறோம். தறி ஆடினால் அரசுக்கு இறை! பதினைந்தாம் நூற்றாண்டிலே, விசயநகர ஆட்சியில், காஞ்சிக் கைக்கோளருக்குத் தண்டும் சங்கும் உரிமையாக இருந்தன. அதாவது, பல்லக்கில் ஏறலாம், சங்கு ஊதலாம். எங்களுக்கும் காஞ்சியாரைப் போல் அவ்வுரிமை வேண்டும் என்று மற்ற ஊர் நெசவாளர் கேட்டுப் பெற்றனர். மன்னர்க்கும் மாதேவர்க்கும் ஆடை தந்த கை, ஒரு சங்கைத் தொட ஆணை தேவைப்பட்டது! வருணத்தின் வரிசை அப்படி.

அந்தக் காஞ்சியிலே, நெசவாளர் குடும்பத்திலே, 1909-இல் பிறந்தவர் அண்ணா. 1953-இல் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கி நெசவாளர் வாடியபோது, தோளிலே துணி சுமந்து தெருவிலே விற்றார். பல்லக்கு ஏறிய பெருமையினும் இதனையே நாம் பெரிதென்போம்.

பட்டின் சிறப்புத்தான் என்ன? பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது, சரிகையோ சூரத்திலிருந்து. காஞ்சிக்கே உரியது கை! உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதே கோர்வை. நாடாக்கள் மூன்று, ஆட்கள் இருவர். ஒருவர் நெசவாளி, பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தருபவர் மற்றவர். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர் பெருமை பேசுவது இந்த வேலையைத்தான். 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த இரண்டாம் ஆள் யார்? நெடுங்காலம், பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவனே! பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியிலும் அமர்ந்தான். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் துணி நெசவிலே பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடுத்தது. ஆனால், குடும்பத்தார் துணையுடன் நடக்கும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. காஞ்சியிலே தறி இருந்ததோ வீட்டுக் கூடத்தில்! அந்த விலக்கைத் திருத்த 2016 வரை, முப்பது ஆண்டுகள் ஆயின.